தலைமாட்டுப் பக்கம்

பதினான்காம் கட்டிலுக்கு அடியில் ஒரு கரண்டி விழுந்து கிடந்தது. மருந்து கலக்கிக் கொடுக்க வைத்திருந்த சின்ன எவர்சில்வர் கரண்டி. குனிந்து அதை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் அக்கா அதைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தாள். நல்ல இடுப்பு உள்ளவர்களுக்குத் தரை என்பது காலுக்குக் கீழே இருக்கும் ஒரு சமாச்சாரம். இடுப்பு போனவர்களுக்கு அது வெளியூர். எதைப் பிடித்துக்கொண்டு இறங்குவது, எதைப் பிடித்துக்கொண்டு ஏறுவது என்று முன்கூட்டியே வழி பார்த்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். அக்கா கரண்டியைக் காலால் சுவரோரமாகத் தள்ளினாள். கட்டிலின் இரும்புக் குழாயைப் பிடித்து, வலது முழங்காலைத் தரையில் ஊன்றி, மூத்திரப் பையில் அளவு பார்ப்பவளைப் போல முகத்தை வைத்துக்கொண்டு இறங்கினாள். கரண்டி கைக்கு வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அளவு எவ்வளவும்மா இருக்கு?" என்று கட்டிலில் படுத்திருந்த பெரியவர் கவலையாகக் கேட்டார்.

அக்கா அளவைப் பார்க்கவே இல்லை. "நெறயத்தான் இருக்கு, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

அக்கா என்றால் அந்த வார்டில் அவள் ஒருத்திதான். பெரிய டாக்டரிலிருந்து நோயாளிக்குச் சாப்பாடு கொண்டுவரும் மச்சான் வரைக்கும் எல்லோருக்கும் அவள் அக்கா. வயது நாற்பத்தெட்டு. அதில் பத்தொன்பது வருஷம் ஆயா வேலையில் போயிருந்தது. அது எலும்பு முறிவு வார்டு. முப்பத்திரண்டு கட்டில்களில் தானாக எழுந்து உட்காரக்கூடியவர்கள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். மற்றவர்களை யாராவது தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டும், யாராவது புரட்டித்தான் முதுகு துடைக்க வேண்டும், யாராவது ஸ்ட்ரெச்சரில் மாற்றித்தான் எக்ஸ்ரேவுக்கு அனுப்ப வேண்டும். பகல் நேரத்தில் அந்த யாராவது என்பது அக்காவும் சின்னவளும். சின்னவள் என்று பெயர்தான். அக்காவைவிடப் பன்னிரண்டு வயது இளையவள் என்பதால் வந்த பெயர். ஆகிருதியில் அவள் ஒன்றரை அக்கா இருப்பாள். இரண்டு பேரும் சேர்ந்து நடந்து வருவதைப் பார்த்தால், "ரெட்டை வருது, காலை மடக்கிக்கோங்க" என்று நடக்க முடிந்த நோயாளிகள் கேலி பேசுவார்கள்.

பதினொரு வருஷ ஜோடி. தூக்குவதற்கு அவர்களுக்கென்று ஒரு முறை இருந்தது. நோயாளிக்குக் கீழே கனத்த துணி ஒன்று நாலாக மடித்து விரித்திருக்கும். ஒருத்தி தலைமாட்டில் நின்று தோள் பக்கத்து முனைகள் இரண்டையும் கைக்குள் சுருட்டிக்கொள்வாள். இன்னொருத்தி கால்மாட்டில் நின்று அதையே செய்வாள். எண்ணுவது அக்கா. "ஒண்ணு, ரெண்டு" என்பாள். மூன்று சொல்வதில்லை. எலும்பு உடைந்து கிடக்கிற மனுஷன் காதில் மூன்று விழுந்த உடனே உடம்பை முறுக்கிக்கொள்கிறான், முறுக்கினால் வலி அவனுக்கு, கனம் இவர்களுக்கு என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டு மூன்றை எப்போதோ விட்டுவிட்டார்கள். ரெண்டுக்குப் பிறகு ஒரு மூச்சு. அந்த மூச்சில் இருவரும் தூக்குவார்கள். மூன்றுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கும் நோயாளி, "என்னம்மா, இன்னும் எண்ணலையா?" என்று ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி கேட்பார். பதினொரு வருஷத்தில் ஒரு தடவைகூட ஒருத்தி முந்தியதும் இல்லை, ஒருத்தி பிந்தியதும் இல்லை. சும்மா சொல்லக்கூடாது, புருஷன் பெண்டாட்டிக்குள்கூட அப்படி ஒரு பொருத்தம் அமையாது.

மனித உடம்பில் கனமெல்லாம் தலைமாட்டுப் பக்கம்தான் இருக்கிறது. தலை, தோள், நெஞ்சு, வயிறு எல்லாம் அந்தப் பக்கம். கால்மாட்டில் நிற்பவளுக்குப் பாதிகூட வராது. மூத்தவள் என்பதால் தலைமாடு அக்காவுடையது. யாரும் எழுதி வைக்கவில்லை. முதல் நாள் அங்கே போய் நின்றாள், பத்து வருஷம் நின்றுவிட்டாள்.

பத்து மாதத்துக்கு முன்னால், ஒரு நோயாளியைக் கழிவறை நாற்காலியிலிருந்து எழுப்பும்போது அவருடைய ஊன்றுகோல் வழுக்கியது. ஈரத்தரை. விழுகிற மனுஷனைப் பிடிக்கும்போது முட்டியை மடக்கு, முதுகை நிமிர்த்து என்றெல்லாம் யாருக்குத் தோன்றும்? அக்காவின் பாதங்கள் ஒரு பக்கம் பார்த்து நின்றன, உடம்பு இன்னொரு பக்கம் திரும்பியது, எண்பது கிலோ ஆள் அவள் கையில் வந்து விழுந்தார். இடுப்பின் அடியில் யாரோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு முறுக்கு. அது இடது தொடை வழியாக இறங்கிக் குதிகால் வரை போனது. அக்கா அவரை நாற்காலியில் பத்திரமாக உட்கார வைத்துவிட்டு, பிறகுதான் சுவரைப் பிடித்தாள். "நீ ஏம்மா அழுவற? விழ இருந்தது நான்" என்றார் அவர்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். அவர்கள் எல்லோரும் காண்டிராக்ட் ஆட்கள். பக்கத்து வார்டில் ஒருத்தி இடுப்பு வலி என்று சூப்பர்வைசரிடம் வாய் தவறிச் சொன்னாள். "அடடா, நாலு நாள் ஓய்வு எடும்மா" என்று அனுப்பிவைத்தார்கள். அந்த நாலு நாள் இரண்டு வருஷமாக இன்னும் முடியவில்லை. அக்காவுக்கு இந்த வேலையை விட்டால் வேறு வேலை தெரியாது. தெரியாது என்பதைவிட, வேறு எங்கும் அவளை அக்கா என்று கூப்பிட ஆள் இல்லை.

இடுப்பு போன மறுவாரம் ஒரு நோயாளியை மாற்றும்போது மூத்திர டியூப் இழுபட்டுவிட்டது. சிஸ்டர் வார்டு அதிரக் கத்தினார். அந்தத் திட்டு அக்காவுக்கு வரமாக வந்தது. "இனிமே கால்மாட்டுல நின்னு டியூப்ப நானே பாத்துக்கறேன்டி. உனக்குக் கவனம் பத்தாது. நீ தலைமாட்டுக்குப் போ" என்றாள். சின்னவள் அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரிக்கா" என்றாள். அத்தோடு முடிந்தது. பத்து வருஷம் நின்ற இடத்தை அக்கா ஒரு பொய்யில் கைமாற்றிவிட்டாள். முதல் மாதம் முழுக்க அது தொண்டையில் முள்ளாக நின்றது. சின்னவளுக்கு என்ன, முப்பத்தாறு வயசு, மலை மாதிரி உடம்பு, அவளுக்கு இதெல்லாம் ஒரு கனமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிச் சொல்லி முள் மழுங்கிவிட்டது. இப்போதெல்லாம் கால்மாட்டில் போய் நிற்பது பழக்கமாகவே ஆகியிருந்தது.

வீட்டில் அவள் புருஷனிடமும் வாய் திறக்கவில்லை. அவர் துணிக்கடை ஒன்றில் தையல் வேலை. பகலெல்லாம் மெஷினுக்கு முன்னால் குனிந்து குனிந்து அவர் கழுத்தே கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது. அவள் சேலைக்குள் பழைய துணி ஒன்றை வரிந்து கட்டிக்கொண்டு போவதை அவர் ஒரு வாரம் பார்த்தார். எட்டாம் நாள் அலமாரியில் கெட்டித் துணியில் நாலு வரி தையல் போட்ட ஓர் இடுப்புப் பட்டை இருந்தது. கொக்கிகூட இரண்டு இடத்தில் வைத்திருந்தார், சாப்பிட்ட பிறகு தளர்த்திக்கொள்ள.

"யாருக்குத் தச்சீங்க?" என்று கேட்டாள்.

"அளவு தெரிஞ்ச ஆளுக்குத்தான். முப்பது வருஷமா அளவு எடுக்காமலே தச்சிட்டிருக்கேன்" என்றார். பிறகு, "ரொம்ப வலிக்குதா?" என்றார்.

"கழுத்த நிமித்திப் பேசுங்க முதல்ல. அடுத்தவ இடுப்ப விசாரிக்க வந்துட்டாரு" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து தண்ணீர்க் குடத்தை அவர் தூக்க ஆரம்பித்தார்.

அன்று, கரண்டி எடுத்த அந்தக் காலையில், பதினொரு மணிக்கு எல்லா ஆயாக்களும் மாடி வராந்தாவுக்கு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பாரம் தூக்கும் முறை பற்றிப் பயிற்சியாம். பிசியோ டாக்டர் சொல்லித்தருவாராம். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சூப்பர்வைசர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார். எல்லோருடைய பெயரும் அதில் இருந்தது. தூக்கிக் காட்டுகிறவர்களுக்கு டிக். தூக்க முடியாதவர்களுக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வராந்தாவில் பதினாறு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி முகத்திலும் ஈயாடவில்லை.

பிசியோ டாக்டர் சின்னப் பெண். குரல் மட்டும் கணீரென்று இருந்தது. டிரிப்ஸ் பாட்டில் அடுக்கிய அட்டைப்பெட்டி ஒன்றைத் தரையில் வைத்துக்கொண்டு, "இத எப்படித் தூக்குவீங்க, யாராவது காட்டுங்க" என்றாள். ஒருத்தி போய்க் கால் விறைக்க நின்று, இடுப்பிலிருந்து மடிந்து, பெட்டியை வெடுக்கென்று தூக்கித் திரும்பி மேஜைமேல் வைத்தாள். "ரொம்ப நல்லது. இப்படித்தான் தூக்கக் கூடாது" என்றாள் அந்தப் பெண். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் ஒரு துடைப்பக் குச்சியை எடுத்துத் தன் முதுகோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு காட்டினாள். காலை அகட்டி வைக்க வேண்டும். குனியக் கூடாது, உட்கார வேண்டும். பாரத்தை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். கை நீள நீளக் கனம் கூடும். எழும்போது தொடைதான் வேலை செய்ய வேண்டும், முதுகு இல்லை. "தூக்கினப்புறம் இடுப்பத் திருப்பாதீங்க, காலத் திருப்புங்க. முதுகுல ரெண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கு. நீங்க வளைஞ்சு தூக்கும்போது அது முன்பக்கம் நசுங்கும், பின்பக்கம் பிதுங்கும். ஒரு நாள்ல ஒண்ணும் ஆகாது. வருஷக் கணக்குல பிதுங்கிட்டே இருந்து ஒரு நாள் நரம்பத் தொடும். அப்ப கால் வரைக்கும் இழுக்கும்."

"டாக்டரம்மா, பெட்டிய வயித்தோட அணைச்சுக்கலாம். பேஷண்ட்ட அணைச்சா அவரு பொண்டாட்டி சும்மா விடுவாளா?" என்று பெண்கள் வார்டு ஆயா ஒருத்தி கேட்டாள். "பெட்டி வலிக்குதுன்னு கத்தவும் கத்தாது" என்றாள் இன்னொருத்தி. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு, "நீங்க சொல்றது நிஜம்தான். ஆள் தூக்க ரெண்டு பேர் பத்தாது. நாலு பேர் வேணும். நான் எழுதிக் கொடுத்திருக்கேன்" என்றாள். சூப்பர்வைசர் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்.

அக்கா சிரிக்கவில்லை. கால் வரைக்கும் இழுக்கும் என்று அந்தப் பெண் சொன்ன இடத்திலேயே நின்றுவிட்டாள். பத்தொன்பது வருஷம் கழித்து, எல்லாம் பிதுங்கி முடிந்த பிறகு, ஒரு துடைப்பக் குச்சியைக் காட்டிச் சொல்கிறார்கள். அந்தப் பெண்மேல் கோபப்படவும் முடியவில்லை. அவள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பாள். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் இருக்கிறதே, அது மனுஷனைச் சோர்வடையத்தான் வைக்கும். அக்காவுக்கு அங்கேயே சுவரோரமாக உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. உட்கார்ந்தால் எழ வேண்டுமே என்று நின்றாள்.

ஒவ்வொருத்தியாகப் பெட்டி தூக்கினார்கள். சின்னவள் அக்காவுக்கு முன்னால் போனாள். சொல்லிக்கொடுத்தபடியே மெதுவாக உட்கார்ந்து, மெதுவாக எழுந்தாள். "பாருங்க, இதுதான் சரி" என்று டாக்டர் பெண் பாராட்டினாள். அக்காவின் முறை வந்தது. பட்டையை ஒரு கொக்கி இறுக்கிக்கொண்டுதான் வந்திருந்தாள். காலை அகட்டி உட்கார்ந்து பெட்டியை வயிற்றோடு சேர்த்தாள். எழுந்தபோது வலி வந்தது, ஆனால் அவள் பயந்த வலி இல்லை. முறையாகத் தூக்கினால் இவ்வளவுதானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பிழைத்தோம் என்று நினைத்தாள்.

"இப்ப ஜோடி ஜோடியா ஆள் தூக்கணும்" என்றாள் டாக்டர் பெண். நோயாளியாகப் படுக்க லிப்ட்காரர் முன்வந்தார். தொண்ணூறு கிலோ இருப்பார். "வீட்டுல சொல்லிட்டு வரலையே" என்று சொல்லிக்கொண்டே அங்கே போட்டிருந்த கட்டிலில் ஏறிக் கண்ணை மூடி, உண்மையான நோயாளிகூட முனகாத மாதிரி முனக ஆரம்பித்தார். ரெட்டைதான் முதலில். சின்னவள் தலைமாட்டுக்குப் போனாள், அக்கா கால்மாட்டுக்கு.

"எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"ஆமா" என்றாள் சின்னவள்.

"ஒரே ஆள் ஒரே பக்கம் நிக்கக் கூடாது. மாத்தி மாத்தி நிக்கணும். இப்ப மாறுங்க."

அக்கா தலைமாட்டுக்கு நடந்தாள். எட்டு அடி இருக்கும். அதற்குள் என்னென்னவோ யோசித்தாள். மயக்கம் வருகிறது என்று சொல்லலாமா? டியூப் என்று சொல்லலாமா? லிப்ட்காரருக்கு எங்கே டியூப்? சூப்பர்வைசர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார். அக்கா துணி முனைகளைச் சுருட்டிப் பிடித்தாள். "ஒண்ணு, ரெண்டு" என்றாள்.

மூச்சு வந்தது. அக்காவின் கை எழவில்லை. சின்னவள் தூக்கட்டும், துணி நகர்ந்த பிறகு நாமும் தூக்கலாம் என்று உடம்பு அதுவாகவே காத்துநின்றது. ஆனால் துணி நகரவில்லை. கால்மாட்டிலும் எழவில்லை. லிப்ட்காரர் இருந்த இடத்திலேயே கிடந்தார். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த மூச்சு வெறும் மூச்சாகப் போய்விட்டது.

"என்ன, ரெண்டு பேரும் தூங்கிட்டீங்களா?" என்றார் சூப்பர்வைசர். வராந்தா முழுக்கச் சிரிப்பு. லிப்ட்காரர் ஒற்றைக் கண்ணைத் திறந்து, "நான் ஏறிட்டேனா?" என்றார். இன்னும் பெரிய சிரிப்பு.

அக்கா நிமிர்ந்து சின்னவளைப் பார்த்தாள். அவள் உதட்டை உள்ளே மடித்துக் கடித்திருந்தாள். மூச்சு நெஞ்சோடு நின்றிருந்தது. ஒரு கை துணியை விட்டுவிட்டுக் கட்டில் குழாயைப் பிடித்திருந்தது. நிமிர்வதற்கு எதைப் பிடிக்கலாம் என்று வழி பார்த்து வைத்துக்கொண்ட பிடி. அந்த முகத்தை அக்கா கண்ணாடியில் பார்த்ததில்லை, ஆனால் உள்ளேயிருந்து பத்து மாதமாகத் தெரியும்.

டாக்டர் பெண் அவர்களை மறுபடியும் தூக்கச் சொன்னாள். இந்தத் தடவை எல்லோரும் சேர்ந்து மூன்று வரைக்கும் சத்தமாக எண்ணினார்கள். மூன்றில் இருவரும் தூக்கினார்கள். லிப்ட்காரர் துணியோடு எழும்பி ஸ்ட்ரெச்சரில் இறங்கினார். அக்காவின் குதிகால்வரை தீப்பிடித்து ஓடியது. சிரிப்பது போல வாயை வைத்துக்கொண்டாள். சூப்பர்வைசர் இரண்டு டிக் போட்டார்.

கீழே வந்ததும் அக்கா சின்னவளைத் துணி அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். மடித்த போர்வைகள் கூரைவரை அடுக்கியிருந்த சின்ன அறை. ஒருவர் நின்றால் இன்னொருவர் ஒதுங்க வேண்டும்.

"எவ்வளவு நாளா?"

"எதுக்கா?"

"என்கிட்டயே நடிக்காதடி."

சின்னவள் போர்வை அடுக்கில் சாய்ந்துகொண்டாள். "மூணு மாசம் இருக்கும்" என்றாள்.

"ஏன்டி சொல்லல?"

"நீங்க சொன்னீங்களா?"

சின்னவள் குரலில் குத்தல் இல்லை. அது இருந்திருந்தால்கூடத் தேவலை. "உங்களுக்குப் போன அன்னைக்கே எனக்குத் தெரியும்க்கா. செவுத்தப் புடிச்சுட்டு வந்தீங்கல்ல? அடுத்த வாரம் டியூப்னு சொன்னீங்க. சரின்னேன்" என்றாள். "என்னோடத சொன்னா நீங்க திரும்பத் தலைமாட்டுக்கு வந்துருவீங்க. வந்தா ஒரே வாரத்துல படுத்துருவீங்க. அதான். இப்ப மாடியிலகூட நான் காலத் தூக்கினா கனம் மொத்தமும் உங்க பக்கம் வந்துருமேன்னு பயந்துட்டேன். எனக்கும் முடியல."

அக்கா ஒரு போர்வையை எடுத்துப் பிரித்து, மறுபடி மடித்தாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

"பாப்பாவத் தூக்கி ரெண்டு மாசமாச்சுக்கா" என்றாள் சின்னவள். "கைய நீட்டிட்டு வந்து நிக்கிறா. நீ பெரிய பொண்ணாயிட்ட, நடந்து வான்னு சொல்றேன். அவளுக்கு நாலு வயசு. நேத்து அவளே எங்கிட்ட, 'நான் சின்னதாயிட்டா தூக்குவியாம்மா'ன்னு கேக்கறா."

சொல்லிவிட்டு அவள் லேசாகச் சிரித்தாள். அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. தன் இடுப்பைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொருத்தியின் இடுப்பை எடுத்துச் செலவழித்திருக்கிறாள். கூட ஒரு குழந்தையின் சவாரியையும். தெரியாமல் செய்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றால் அதுவும் முடியாது. தலைமாட்டில் எவ்வளவு கனம் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? மன்னிச்சுக்கோ என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அதைக் கேட்டுச் சின்னவள் என்ன செய்வாள்? "சரிக்கா" என்பாள். அந்தச் சரிக்காவை இன்னொரு தடவை கேட்க அக்காவால் முடியாது.

"ரெட்டை எங்க போச்சு?" என்று வெளியே சிஸ்டர் குரல் கேட்டது. இருபத்தேழாம் கட்டிலை ஸ்கேனுக்கு உடனே அனுப்ப வேண்டுமாம்.

இருபத்தேழு, முந்தின நாள் வந்த லாரி டிரைவர். இடுப்பெலும்பில் முறிவு. லிப்ட்காரருக்கு அண்ணன் போல இருந்தார். ஸ்ட்ரெச்சரைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். சிஸ்டர் மேஜையில் சூப்பர்வைசர் டீ குடித்துக்கொண்டிருந்தார், நோட்டுப் புத்தகம் பக்கத்தில். அக்கா வேகமாக நடந்து தலைமாட்டுக்குப் போவதற்குள் சின்னவள் அங்கே போய் நின்றிருந்தாள். முனைகள் இரண்டையும் சுருட்டிக் கைக்குள் வைத்திருந்தாள்.

"நகருடி" என்றாள் அக்கா, வாய்க்குள்.

"நீங்க அந்தப் பக்கம் போங்கக்கா. லேட்டாவுது."

"நகருன்னு சொல்றேன்ல."

டிரைவர் கண்ணை உருட்டி மேலே இருவரையும் பார்த்தார். "என்னம்மா, எனக்காகவா சண்டை?" என்றார். வலியிலும் அவருக்குப் பேச்சு வந்தது. "அவ்வளவு கனமாவா இருக்கேன்?"

"உங்க மேல ஒண்ணுமில்லய்யா" என்றாள் அக்கா. பிறகு அங்கே நின்றபடியே திரும்பாமல், "சிஸ்டர், எங்க ரெண்டு பேரால இவரத் தூக்க முடியாது. நாலு பேர் வேணும்" என்றாள்.

தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது. சிஸ்டர் ஊசி மருந்தை உறிஞ்சிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "நாலு பேருக்கு நான் எங்க போவேன்? இத்தனை நாள் நீங்கதான தூக்கினீங்க?"

"இத்தனை நாள் தூக்கினோம்."

சூப்பர்வைசர் டீ தம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தார். நோட்டுப் புத்தகமும் கூடவே வந்தது. "இப்பத்தானம்மா ரெண்டு பேருக்கும் டிக் போட்டேன். லிப்ட்காரர அலாக்காத் தூக்கினீங்களே?"

"தூக்கினோம் சார். பொய்யாத் தூக்கினோம்" என்றாள் அக்கா. "எனக்கு இடுப்பு போயி பத்து மாசமாச்சு. கால் வரைக்கும் இழுக்குது. அந்த டாக்டரம்மா சொன்னதெல்லாம் எனக்கு ஆயாச்சு. என் பேர அடிச்சிடுங்க."

பதினான்காம் கட்டில் பெரியவர்கூட இருமலை அடக்கிக்கொண்டார். அக்கா தன் வேலையை இழந்துகொண்டிருக்கிறாள் என்பது அங்கே படுத்திருந்த எல்லோருக்கும் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. பத்து மாதம் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டுவிட்ட மாதிரி. அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். நோயாளியின் கட்டிலில் ஆயா உட்காரக் கூடாது என்பது விதி. சிஸ்டர் பார்த்தும் ஊசியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சூப்பர்வைசர் பேனாவைத் திறந்தார். அக்காவின் பெயரைத் தேடிப் பிடித்தார். அடிக்கவில்லை, அதன்மேல் பேனாவை வைத்துக்கொண்டு சின்னவள் பக்கம் திரும்பினார். "சரி, இவங்களுக்கு வயசாச்சு. உனக்கென்னம்மா? நீ நல்லாத்தான இருக்க? உன்கூட வேற ஆளப் போட்டா தூக்குவல்ல?"

அக்காவின் தொண்டைவரை வந்துவிட்டது. அவளுக்கும் போச்சு சார், நான்தான் காரணம் என்று. பல்லைக் கடித்து விழுங்கினாள். தன் பெயரை அடிக்கச் சொல்லத் தனக்கு உரிமை உண்டு. சின்னவள் பெயரை எடுக்க உரிமை இல்லை. ஏற்கனவே அவளைக் கேட்காமல் அவளிடமிருந்து எடுத்தது போதும். சின்னவள் வாயைத் திறந்தால் நாளைக்கு அவளுக்கும் இந்த வேலை இல்லாமல் போகலாம். திறக்காவிட்டால் நாளைக்குப் புதிதாக ஒருத்தி வருவாள், கால்மாட்டில் நிற்பாள், சின்னவள் இதே தலைமாட்டில் நிற்பாள். கையை நீட்டிக்கொண்டு நிற்கும் நாலு வயசுப் பிள்ளை இந்த இரண்டில் எதைக் கேட்கும் என்று அக்காவுக்குத் தெரியவில்லை.

"கேக்கறேன்ல, சொல்லும்மா. தூக்குவியா மாட்டியா?"

சின்னவள் அவரைப் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்தாள். டிரைவரின் இரண்டு தோள்களுக்கும் பக்கத்தில், சுருட்டிய துணியை இறுக்கிப் பிடித்து அவை தயாராக இருந்தன. விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. முதலில் சுண்டுவிரல் நிமிர்ந்தது. பிறகு அதற்கு அடுத்தது. துணி அவள் கைக்குள்ளிருந்து மெல்ல மெல்லப் பிரிந்து, கசங்கிய மடிப்புகளோடு, டிரைவரின் தோளருகே படிந்தது.